கீழ்முனையில் நார்மல் டெப்த் கொடுத்தால் பாலத்தில் ஒரு மீட்டர் குறைகிறது. எதை மாற்றுவது?

மணற்படுகை:

வணக்கம். ஹெக்-ராஸில் (ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) ஓர் ஆற்றுக்கு ஒருபரிமாண அன்ஸ்டெடி மாடல் (ஓட்டம் நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடுவது) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீளம் 12 கி.மீ., சராசரி படுகைச் சரிவு 0.0002 (5 கி.மீ. போனால் 1 மீ. இறக்கம்). அகலம் 80 மீ. சுற்று. கரைகள் செங்குத்து. கரை தாண்டி நீர் பரவும் இடம் அனேகமாக இல்லை. வெள்ள உச்சம் விநாடிக்கு 470 கனமீட்டர்.

மேல்முனைக்கு ஓட்ட ஹைட்ரோகிராஃப் (நேரத்தோடு ஓட்டம் மாறும் வரைகோடு) கையில் இருக்கிறது. கீழ்முனையில் எந்த நீர்மட்ட அளவியும் இல்லை, அதனால் நார்மல் டெப்த் (கொடுத்த சரிவில் ஓட்டம் சீராகப் போனால் வரும் ஆழத்தை எல்லையில் வைப்பது) தேர்ந்தெடுத்தேன். சரிவு கேட்டது. கடைசி இரண்டு குறுக்குவெட்டுகளுக்கு இடையே 200 மீட்டருக்கு 12 செ.மீ. இறக்கம் இருந்தது, எனவே 0.0006 கொடுத்தேன்.

கீழ்முனையிலிருந்து 1.5 கி.மீ. மேலே ஒரு பாலம் இருக்கிறது. வேலையே அந்தப் பாலத்துக்காகத்தான்: வெள்ள மட்டம், தூணடி அரிப்பு இரண்டும் வேண்டும். பாலத்துத் தூணில் உள்ள வெள்ளக்குறிப்படி ஆழம் 5 மீ. மாடல் காட்டுவது 4 மீ. மேல்பக்கம், கீழ்முனையிலிருந்து 11 கி.மீ. தூரத்தில் ஓர் அளவி உண்டு. அங்கே வித்தியாசம் 20 செ.மீ. மட்டும்தான்.

மேனிங் கெழுவை (படுகையின் சொரசொரப்பைச் சொல்லும் எண்) 0.035-லிருந்து 0.050 ஆக்கியதும் பாலத்தில் மட்டம் பொருந்திவிட்டது. ஆனால் மேல் அளவியில் இப்போது முக்கால் மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது, உச்சம் கடந்து போகிற நேரமும் தள்ளிப்போகிறது. ஆற்றைத் துண்டுகளாக்கி கீழ்ப்பகுதிக்கு மட்டும் 0.050 வைக்கலாமா? அல்லது வேறு வழி உண்டா?

மதகு:

கெழுவைத் துண்டு துண்டா மாத்துற வேலைக்கு இப்பப் போகாதீங்க. முதல்ல ஒரு சின்ன சோதனை. அந்த 0.0006-ஐ பாதியாக்கி ஒரு தடவை, ரெண்டு மடங்காக்கி ஒரு தடவை ஓட்டுங்க. உச்ச நீர்மட்டக் கோடு மூணையும் ஒரே படத்துல போடுங்க. கீழ்முனையில விரிஞ்சிருக்கிற கோடுங்க மேல போகப் போக எங்க ஒண்ணா சேருதுன்னு பாருங்க. பாலம் அந்த இடத்துக்கு மேல இருக்கணும். கீழ இருந்துச்சுன்னா பாலத்துல நீங்க பாக்குற மட்டம் ஆறு சொல்றது இல்ல, நீங்க டைப் பண்ணின எண்ணு சொல்றது.

கரைக்கல்:

மதகு சொன்ன சோதனையைச் செய்யுங்கள், தம்பி. அதோடு கெழுவை 0.035-க்கே திருப்பி வையுங்கள். அதன் மேல் தவறில்லை.

நார்மல் டெப்த் தேர்ந்தெடுக்கும்போது மென்பொருள் கேட்பது உராய்வுச் சரிவை (உராய்வால் நீர் ஆற்றல் இழக்கும் வீதம்). எல்லையருகே நீர்மட்டச் சரிவு தெரிந்தால் அதைக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் நீண்ட தூரத்துக்கான படுகைச் சரிவு. அடுத்தடுத்த இரண்டு குறுக்குவெட்டுகளின் அடிமட்ட வித்தியாசம் இந்த இரண்டில் எதுவும் இல்லை. ஆற்றின் அடி குழியும் மேடுமாகத்தான் கிடக்கும். ஒரு குழியிலிருந்து மேடு ஏறுகிற 200 மீட்டர் உங்களுக்கு வாய்த்திருந்தால் சரிவு எதிர்மறையாக வந்திருக்கும். அப்போது எதைப் போட்டிருப்பீர்கள்?

இந்தத் தவறு எவ்வளவு பெரியது என்று கையாலேயே கணக்கிடலாம். அகலமான செவ்வக வெட்டுக்கு மேனிங் சமன்பாட்டின்படி, ஓட்டம் மாறாதபோது ஆழம் சரிவின் −0.3 அடுக்கில் மாறும். உங்கள் ஆற்றில் 470 கனமீட்டர், 80 மீ. அகலம், கெழு 0.035, சரிவு 0.0002 என்றால் ஆழம் 5 மீ. வருகிறது. வெள்ளக்குறி சொல்வதும் அதைத்தான். சரிவை மூன்று மடங்காக்கினால் ஆழம் 0.72 மடங்கு ஆகிறது, அதாவது 3.6 மீ. கீழ்முனையில் 1.4 மீ. குழியைப் பறித்துவிட்டு, ஆற்றை அதை நோக்கி இழுத்துவிட்டிருக்கிறீர்கள். 3.6 மீட்டரில் தொடங்கி மேல்நோக்கி நீர்மட்டக் கோட்டைக் கணக்கிட்டுக்கொண்டே போனால், 1.5 கி.மீ. தாண்டியதும் ஆழம் சுமார் 4.03 மீ. நீங்கள் பாலத்தில் பார்க்கிற 4 மீ. இதுதான்.

கெழுவை ஏற்றியதும் ஏன் பொருந்தியது? ஆழம் கெழுவின் 0.6 அடுக்கில் மாறும். 0.035-ஐ 0.050 ஆக்கினால் எல்லா இடத்திலும் ஆழம் ஏறத்தாழ கால் பங்கு கூடும். எல்லையில் கொடுத்த நார்மல் டெப்த்தும் அதே கெழுவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, அதனால் அதுவும் சேர்ந்து ஏறியது. பாலத்தில் 4 மீ. 5 மீ. ஆனது. மேல் அளவி எல்லையின் இழுப்புக்குப் பெரும்பாலும் வெளியே, அங்கே முன்பே ஏறக்குறைய சரியாக இருந்த மட்டமும் தேவையில்லாமல் ஏறிவிட்டது. கூடவே வேகம் 1.18 மீ/விநாடியிலிருந்து சுமார் 0.95-க்குக் குறைந்தது. வெள்ள அலை நகரும் வேகம் அதைப்போல் ஏறத்தாழ 5/3 மடங்கு, ஆகவே 12 கி.மீ.க்கு அலை இருபத்தைந்து நிமிடம் பிந்தும். நீங்கள் சொல்லும் காலதாமதம் அது.

கீழ்ப்பகுதிக்கு மட்டும் 0.050 வைத்தால் இந்த வெள்ளத்துக்கு எல்லாக் குறிகளும் பொருந்தும்தான். அடுத்த வெள்ளத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் அந்த 0.050 படுகையின் சொரசொரப்பைச் சொல்லவில்லை, எல்லையில் பறித்த குழியை மூடிக்கொண்டிருக்கிறது. வேறு ஓட்டத்தில் குழியின் ஆழமே வேறு.

கீழே கொடுத்த ஓர் எண் மேலே இவ்வளவு தூரம் ஏறி வருவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. செயின்ட் வெனான்ட் 1871-இல் எழுதிய சமன்பாடுகளில் செய்தி இரண்டு வேகங்களில் பயணிக்கும்: ஓட்ட வேகத்தோடு அலை வேகத்தைக் கூட்டினால் ஒன்று, கழித்தால் மற்றொன்று. உங்கள் ஆற்றில் 5 மீ. ஆழத்துக்கு அலை வேகம் விநாடிக்கு 7 மீ., ஓட்டம் 1.18 மீ. கழித்தால் 5.8 மீ. எதிர்த்திசையில். எல்லையில் நீங்கள் செய்கிற மாற்றம் நாலரை நிமிடத்துக்குள் பாலத்துக்கு வந்துவிடும். ஃப்ரூட் எண் (ஓட்ட வேகம் ÷ அலை வேகம்) 1-க்குக் கீழே இருக்கும்வரை இப்படித்தான், அதனால்தான் மேல்முனைக்கு ஒரு நிபந்தனையும் கீழ்முனைக்கு ஒரு நிபந்தனையும் தேவைப்படுகிறது. ஃப்ரூட் எண் 1-ஐத் தாண்டிய ஓட்டத்தில் இரண்டு செய்திகளும் கீழ்நோக்கியே போகும். கீழ்முனைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, இரண்டையும் மேலேயே கொடுக்க வேண்டும். உங்கள் ஃப்ரூட் எண் 0.17. கீழ்முனையை விட்டுவிட முடியாது.

இந்தப் பாதிப்பு எவ்வளவு தூரம் ஏறும்? நார்மல் ஆழத்திலிருந்து சிறு விலகல் இருந்தால், மேல்நோக்கிப் போகும்போது அது அடுக்குக்குறியாகத் தேயும். மேனிங் சமன்பாட்டை வைத்து நேர்கோடாக்கினால் தேய்வு நீளம் 0.3 × ஆழம் ÷ சரிவு. விலகல் பத்தில் ஒரு பங்காகக் குறைய அதைப்போல் 2.3 மடங்கு தூரம் வேண்டும், அதாவது 0.7 × ஆழம் ÷ சரிவு. சாமுவேல்ஸ் 1989-இல் ஆறுகளின் பேக்வாட்டர் நீளத்துக்குக் (கீழ்முனை மட்டத்தின் பாதிப்பு மேலே ஏறும் தூரம்) கொடுத்த சூத்திரம் இதுவே. உங்களுக்கு: 0.7 × 5 ÷ 0.0002 = 17.5 கி.மீ. உங்கள் மாடலின் நீளமோ 12. எல்லையின் பிடியிலிருந்து முழுக்க விடுபட்ட இடமே உங்கள் மாடலில் இல்லை.

எனவே நான் செய்வது: சரிவை 0.0002 ஆக்குவேன், பிறகு மாடலைக் கீழே நீட்டுவேன். அளந்த குறுக்குவெட்டு இல்லையென்றால் கடைசிக் குறுக்குவெட்டையே நகலெடுத்து, நீண்ட தூரச் சரிவில் அடிமட்டத்தை இறக்கிக்கொண்டே 15, 20 கி.மீ. வைக்கலாம். அந்த நீட்சிப் பகுதியின் முடிவுகளை யாரும் பார்க்கப்போவதில்லை. எல்லையில் செய்கிற பிழை பாலத்துக்கு வருவதற்குள் தேய்ந்து போகத்தான் அந்தத் தூரம்.

நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. கீழ்முனைக்குக் கீழே என்ன இருக்கிறது? அணைக்கட்டா, கலிங்கலா, இன்னோர் ஆறா, கடலா? அதைச் சொல்லவில்லையே.

ஓட்டக்கணக்கு:

நீட்டுவதெல்லாம் சுற்றுவழி என்று தோன்றுகிறது. எல்லைக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டத்தையும் ஓட்டத்தையும் அளந்து ரேட்டிங் கர்வ் (எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்ற வரைகோடு) தயாரித்து அதையே கொடுத்துவிடலாம். அளந்த தரவு எப்போதும் ஊகித்த சரிவைவிட மேல். நான் பல மாடல்களில் இப்படித்தான் செய்கிறேன், சிக்கல் வந்ததில்லை.

கரைக்கல்:

அளந்த தரவு மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் ஓட்டிய ஆறுகள் செங்குத்தான ஆறுகளாக இருந்திருக்க வேண்டும்.

ரேட்டிங் கர்வ் ஒரு மட்டத்துக்கு ஒரே ஓட்டம்தான் என்கிறது. வெள்ளம் ஏறும்போது ஆற்றின் நீர்மட்டம் படுகையைவிடச் சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கும், இறங்கும்போது குறைவாகச் சாய்ந்திருக்கும். அதே 4 மீ. மட்டத்தில் ஏறுமுகத்தில் அதிக நீர் போகும், இறங்குமுகத்தில் குறைவாகப் போகும். வரைந்தால் கோடு வராது, கண்ணி வரும். ஜோன்ஸ் 1916-இல் கொடுத்த திருத்தச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மட்டம் மணிக்கு 30 செ.மீ. ஏறுகிறது என்று வைப்போம். சரிவு 0.0002, வெள்ள அலை நகரும் வேகம் (ஓட்ட வேகத்தைப்போல் 5/3 மடங்கு) விநாடிக்கு 1.97 மீ. என்றால் உண்மையான ஓட்டம் ரேட்டிங் கர்வ் சொல்வதைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம். இறங்கும்போது அதற்கு ஒத்த அளவில் குறைவு. அதே ஆழத்தோடு சரிவு 0.002 ஆக இருந்தால் வித்தியாசம் அரை சதவீதம் கூட வராது. செங்குத்தான ஆற்றில் நீங்கள் சிக்கலே பார்க்காததற்குக் காரணம் இது. ஹெக்-ராஸ் கையேடும் மென்சரிவு ஆறுகளுக்கு இதே எச்சரிக்கையைத் தருகிறது.

போகிற போக்கில் ஒன்று. நார்மல் டெப்த்தும் வேறொன்றல்ல, நாம் அளக்காமல் சூத்திரத்தால் வரைந்த ரேட்டிங் கர்வ். சரிவை நிலையாகப் பிடித்துவிட்டால் அங்கேயும் ஒரு மட்டத்துக்கு ஒரே ஓட்டம்தான், கண்ணி கிடையாது. ஆகவே ரேட்டிங் கர்வில் இருக்கிற குறை இதிலும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றே: நார்மல் டெப்த் அளந்த உச்சத்துக்கு மேலும் சூத்திரப்படி போய்க்கொண்டே இருக்கும், ரேட்டிங் கர்வை அளந்த உச்சத்துக்கு மேல் நீட்டுகிறவர் கைக்கணக்காக நீட்டுவார். வடிவமைப்பு வெள்ளம் பெரும்பாலும் விழுவது அந்த நீட்டிய பகுதியில்தான்.

அதனால் ரேட்டிங் கர்வ் கொடுத்தாலும் தூரம் வேண்டும். தூரம் வேண்டாத ஓர் இடம் உண்டு: கலிங்கல், அணைக்கட்டு, பாறை விளிம்பு போல ஓட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் இடம். கலிங்கலுக்கு மேல் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது அதன் முகடு, கீழ்ப்பக்கம் இல்லை. ஆற்றில் அப்படி ஒன்று இருந்தால் மாடலை அங்கே முடிப்பதே சிறப்பு. பெருவெள்ளத்தில் கலிங்கல் மூழ்கிவிட்டால் மட்டும் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். எவ்வளவு ஓட்டத்தில் மூழ்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணற்படுகை:

நன்றி சார், நன்றி மதகு அண்ணே. சரிவை 0.0002 ஆக்கி, கெழுவை 0.035-க்குக் கொண்டுவந்து ஓட்டினேன். பாலத்தில் 5 மீ. சுற்றி வருகிறது. மேல் அளவியும் பொருந்துகிறது. பாதி, இரண்டு மடங்கு சோதனையில் மூன்று கோடுகளும் மாடலுக்குள் எங்கும் ஒன்றுசேரவில்லை. பாலத்தில் நல்ல இடைவெளி, மேல்முனையிலும் கொஞ்சம் தெரிகிறது.

கீழ்முனைக்குக் கீழே 3 கி.மீ. தூரத்தில் இந்த ஆறு ஒரு பெரிய ஆற்றில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் பெரிய ஆற்றில் அளவி இருக்கிறது. வேலை வரம்புக்கு வெளியே என்பதால் அதை எடுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் சொன்ன வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு வெள்ளம் வந்தது. மேல்முனையில் உச்சம் அதே 470 அளவுதான். பாலத்தில் குறி மட்டும் 60 செ.மீ. உயரம், 5.6 மீ. அந்தக் குறியை யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். பாலத்துக்குக் கீழே ஒரு முறை கருவி வைத்து ஓட்டத்தையும் அளந்திருக்கிறார்கள், அந்த ஹைட்ரோகிராஃப் கிடைக்கும். மேல்முனையிலும் ஓட்டம், கீழ்முனையிலும் ஓட்டம் கொடுத்தால் இந்தச் சரிவுப் பிரச்சினையே இருக்காது இல்லையா?

மதகு:

தம்பி, ஆறு போய் ஆத்துல விழுதுங்கிறதை இவ்வளவு நேரம் மடியில கட்டி வச்சிருந்தீங்களே! அந்த 60 செ.மீ. குறி தப்பு இல்ல. பெரிய ஆறு அன்னைக்கு ஏறி இருந்திருக்கும். அந்த அளவியில ரெண்டு வெள்ளத்தோட தேதியையும் எடுத்துப் பாருங்க.

கரைக்கல்:

மதகு சொன்னதுதான். அப்படியென்றால் நான் சொன்ன 20 கி.மீ. நகல் நீட்சியை மறந்துவிடுங்கள். 3 கி.மீ.யில் முடிகிற ஆற்றை 20 கி.மீ. ஓடவிட்டால் அந்தக் கணக்கில் பெரிய ஆறே இருக்காது.

அதே 470-க்கு ஒரு முறை 5 மீ., இன்னொரு முறை 5.6 மீ. என்றால் உங்கள் கீழ்முனையில் மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நிலையான உறவே இல்லை. நார்மல் டெப்த், ரேட்டிங் கர்வ் இரண்டும் அங்கே செல்லாது, எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும். மாடலை கலப்பிடம் வரை 3 கி.மீ. நீட்டி (இந்தத் தூரத்துக்குக் குறுக்குவெட்டை உண்மையாகவே அளந்துவிடுங்கள், இதில் நகல் வேண்டாம்), பெரிய ஆற்றின் மட்டத்தை ஸ்டேஜ் ஹைட்ரோகிராஃபாகக் (நேரத்தோடு மட்டம் மாறும் வரைகோடு) கொடுங்கள். ஏறுமுகம் இறங்குமுகக் கண்ணியும் மாடலுக்குள்ளேயே தானாக உருவாகும், ஏனென்றால் நாம் மட்டத்தை மட்டும் கொடுக்கிறோம், ஓட்டத்தை மாடல் கண்டுபிடிக்கிறது.

இரண்டாவது வெள்ளத்தில் கலப்பிடத்து மட்டம் முதல் வெள்ளத்தைவிட 1 மீ. சுற்று உயர்ந்திருந்தால் பாலத்தில் 60 செ.மீ. சுற்று ஏறும். கலப்பிடத்திலிருந்து பாலம் 4.5 கி.மீ., அங்கே 6 மீ. ஆழத்தில் தொடங்கினால் பாலத்தில் 5.64 வருகிறது. அளவியில் அந்த 1 மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டேஜ் ஹைட்ரோகிராஃபில் மாட்டிக்கொள்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அளவியின் சுழிமட்டமும் உங்கள் அளவைப் பணியின் அடிப்படை மட்டமும் ஒன்றுதானா? அளவியில் 3.2 என்று இருப்பது அளவிப் பலகையின் சுழியிலிருந்து, கடல்மட்டத்திலிருந்து இல்லை. சுழிமட்டத்தைப் பதிவேட்டில் பாருங்கள், பலகையை இடையில் மாற்றியிருந்தால் அதையும். 40 செ.மீ. பிழை இதிலேயே வரலாம், வந்தால் மறுபடி கெழுவைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அளவி நாளைக்கு ஒருமுறை மட்டும் எடுத்த அளவாக இருந்தால் உச்சம் நடுவில் தப்பியிருக்கும். மணிக்கணக்கான தரவு கிடைக்குமா கேளுங்கள். தொடக்கத்திலும் கவனம் தேவை: தொடக்க நிலை கணக்கிட்ட மட்டமும் ஹைட்ரோகிராஃபின் முதல் மட்டமும் ஒத்துப்போகாவிட்டால் முதல் சில நேரப்படிகளில் போலி அலை ஒன்று கிளம்பி மேலே ஏறும். சில மணி நேரம் நிலையான ஓட்டத்தில் ஓடவிட்டு, பிறகு வெள்ளத்தைத் தொடங்குங்கள். குறைந்த ஓட்டத்தில் நீங்கள் கொடுக்கிற மட்டம் கடைசிக் குறுக்குவெட்டின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடவும் கூடாது.

இன்னொன்று, அணை உடைப்பு போன்ற செங்குத்தான அலை வருகிற மாடலில் மட்டத்தை நிலையாகப் பிடித்த எல்லை அலையைத் திருப்பி அனுப்பும். உங்கள் வெள்ளம் மெதுவானது, உராய்வே அதை அடக்கிவிடும், கவலை வேண்டாம்.

இப்போது இரு முனையிலும் ஓட்டம் கொடுப்பது. வேண்டாம். இரு முனையிலும் ஓட்டத்தைக் கொடுத்துவிட்டால், மட்டத்தைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஓட்ட அளவீட்டில் 2 சதவீதப் பிழை என்றால் அது மிக நல்ல அளவீடு. விநாடிக்கு ஏறக்குறைய 10 கனமீட்டர். மணிக்கு 36,000 கனமீட்டர். உங்கள் ஆற்றின் மேற்பரப்பு 80 மீ. × 12 கி.மீ. = 9,60,000 சதுர மீட்டர். மணிக்கு 3.75 செ.மீ., நாளைக்கு 90 செ.மீ. மட்டம் ஏறிக்கொண்டே போகும், அல்லது ஆறே வற்றும். மதகுகளை இயக்கும் அட்டவணையோ பம்ப் அட்டவணையோ இருந்து, வெளியேறும் ஓட்டம் ஆற்றின் மட்டத்தைச் சாராமல் இருக்கிற இடத்தில்தான் கீழ்முனை ஓட்டம் பொருந்தும். அந்த அளவீட்டை எல்லையில் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மாடல் பாலத்துக்குக் கீழே காட்டுகிற ஓட்டமும் அதுவும் ஒத்துவருகிறதா என்பது நல்ல சோதனை.

ஓட்டக்கணக்கு:

கரைக்கல் சார், ரேட்டிங் கர்வ் பற்றிச் சொன்னது ஒத்துக்கொள்கிறேன், என் ஆறுகள் எல்லாம் ஆயிரத்தில் இரண்டு, மூன்று சரிவு உள்ளவை. ஒரு கூடுதல் தகவல்: இருபரிமாணமாக ஓட்டுகிறவர்கள் எல்லைக் கோட்டை ஓட்டத்துக்குக் குறுக்கே, வெள்ளம் பரவும் முழு அகலத்துக்கும் வரைய வேண்டும். கோடு குட்டையாக இருந்தால் அதற்கு வெளியே இருக்கிற நீர் வெளியேற வழியில்லாமல் கண்ணாடிச் சுவரில் முட்டியது போலத் தேங்கும். நார்மல் டெப்த்தைக் கோடு முழுவதற்கும் ஒரே மட்டமாகக் கணக்கிடுவதா, கோட்டை ஒட்டிய கணக்குவலையின் ஒவ்வொரு செல் முகத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதா என்ற தேர்வும் ஹெக்-ராஸில் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளவும்.

மணற்படுகை:

அளவித் தரவு வந்தது. சுழிமட்டம் திருத்திய பிறகு இரண்டாவது வெள்ளத்தில் கலப்பிட மட்டம் முதலாவதைவிட 1 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருக்கிறது. மாடலை கலப்பிடம் வரை நீட்டி, இரண்டு வெள்ளத்தையும் ஒரே 0.035-இல் ஓட்டினேன். இரண்டு குறிகளும் 10 செ.மீ.க்குள் வந்துவிட்டன.

கடைசிக் கேள்வி. வடிவமைப்புக்கு நூறாண்டு வெள்ளம் (சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை எட்டும் அளவு) ஓட்ட வேண்டும். நம் ஆற்றுக்கு நூறாண்டு ஓட்டம் கொடுக்கும்போது பெரிய ஆற்றுக்கும் நூறாண்டு மட்டம் கொடுக்க வேண்டுமா? மேலிடத்தில் "பாதுகாப்புக்காக இரண்டையும் நூறாண்டாகவே வை" என்கிறார்கள்.

கரைக்கல்:

இரண்டின் நீர்ப்பிடிப்பும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மழையில் நனைபவை என்றால் வைக்கலாம். பெரிய ஆற்றின் நீர்ப்பிடிப்பு பல மடங்கு பெரிது என்றால் இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் சந்திப்பது அரிது. சிறிய ஆறு ஏறி இறங்கிய பிறகுதான் பெரியது உச்சத்துக்கு வரும். இரண்டும் நூறாண்டு என்று வைத்தால் கிடைப்பது நூறாண்டு மட்டம் அல்ல, அதைவிட மிக அரிதான ஒன்று.

வழக்கமாகச் செய்வது இரண்டு ஓட்டங்கள்: சிறிய ஆறு நூறாண்டு, பெரிய ஆறு அதைவிடக் குறைந்த மீள்காலம், பிறகு இதைத் தலைகீழாக. ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் இரண்டில் உயர்ந்த மட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குறைந்த மீள்காலம் எவ்வளவு என்பதற்கு அமெரிக்க ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஹெச்இசி-22 கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. நீர்ப்பிடிப்பு விகிதம் 100-க்கு 1 என்றால் நூறாண்டோடு இருபத்தைந்தாண்டு, 1000-க்கு 1 என்றால் நூறாண்டோடு பத்தாண்டு. அதை அப்படியே எடுக்காமல் உங்கள் இரண்டு அளவிகளின் உச்ச நாட்களை எடுத்து எத்தனை முறை ஒன்றாக வந்திருக்கின்றன என்று பாருங்கள். மேலிடத்துக்குக் காட்ட அந்தப் பட்டியல்தான் உதவும்.

ஆனால் "பாதுகாப்புக்காக" என்கிற சொல்லை அவர்களிடம் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். எதற்குப் பாதுகாப்பு? பாலத்தட்டின் அடிப்பக்க உயரத்துக்கு என்றால் பெரிய ஆறு உயர்ந்திருப்பதுதான் மோசமான நிலை. தூணடி அரிப்புக்கு அதுவே சாதகமான நிலை. உங்கள் 470-ஐயே வையுங்கள். கலப்பிடத்தில் 6 மீ. என்றால் பாலத்தில் ஆழம் 5.64, வேகம் விநாடிக்கு 1.04 மீ. கலப்பிடத்தில் 4 மீ. மட்டுமே என்றால் பாலத்தில் ஆழம் 4.6 அளவுக்கு இறங்கி, வேகம் 1.28-க்கு ஏறுகிறது. நூறாண்டு ஓட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் விரியலாம். ஆகவே அரிப்புக்கு மூன்றாவதாக ஓர் ஓட்டம் போடுங்கள்: சிறிய ஆற்றில் நூறாண்டு, பெரிய ஆற்றில் மழைக்காலத்தின் சாதாரணத் தாழ்மட்டம். அறிக்கையில் மட்டத்துக்கும் அரிப்புக்கும் எந்தக் கீழ்முனை நிபந்தனை என்பதைத் தனித்தனியாக எழுதிவிடுங்கள், ஒரே அட்டவணையில் கலந்துவிட வேண்டாம்.

மணற்படுகை:

மூன்றையும் ஓட்டிவிட்டுப் படங்களை இங்கேயே போடுகிறேன் சார். உச்ச நாட்களின் பட்டியலுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பழைய பதிவேடுகள் இன்னும் காகிதத்தில் இருக்கின்றன.